குரூப் 1-இல் இருந்து இறங்கிய பங்கு: கடனில் வாங்கியதை என்ன செய்வது?

கரூர் தறிக்காரன்:

வணக்கம். கரூரில் படுக்கை விரிப்பு, திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட் நடத்துகிறேன். நூல் விலையைத் தினமும் பார்ப்பவன் என்பதால் நூற்பாலைப் பங்குகள்மேல் எப்போதும் ஒரு கண். ஒன்றரை மாதம் முன்னால் ஒரு மில்லின் பங்கை 210 ரூபாய்க்கு 2,000 வாங்கினேன். மொத்தம் 4,20,000. என் கைப்பணம் 1,20,000, மீதி 3 லட்சம் புரோக்கர் கொடுத்த எம்.டி.எஃப். கடன், அதாவது பங்கு வாங்க அதே பங்கைப் பிடித்துக்கொண்டு புரோக்கர் தரும் கடன். வட்டி வருடத்துக்கு 15 சதவீதம்.

இன்று சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வந்தது. வரும் 1-ஆம் தேதி முதல் இந்தப் பங்கு குரூப் 1-இல் இல்லையாம், கடனுக்கு வைத்திருக்க முடியாதாம். அதற்குள் 3 லட்சத்தையும் வட்டியையும் கட்டி முழுப் பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே விற்றுவிடுவார்களாம். இன்று 24-ஆம் தேதி.

பங்கு விலை விழவில்லை, வாங்கிய விலையிலேயே நிற்கிறது. கம்பெனி லாபத்தில்தான் இருக்கிறது. எந்த வழக்கும் இல்லை. அப்புறம் எப்படி ஒரே ராத்திரியில் கடனுக்கு ஆகாத பங்கு ஆனது? இது அரசாங்க விதியா, புரோக்கர் பணத்தைத் திரும்ப வாங்கச் செய்யும் வேலையா? வீட்டில் நகை இருக்கிறது. வைத்துக் கட்டிவிடலாமா என்று பார்க்கிறேன். இல்லை, வேறு எங்காவது இதே பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்க முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈரோடு மஞ்சள்:

எல்லாம் புரோக்கர் வேலைதான் நண்பா. எனக்கும் ஒருமுறை இப்படி வந்தது. வேறு புரோக்கரிடம் கணக்கை மாற்றுங்கள், அங்கே தருவார்கள்.

பழைய டீலர், கோவை:

தம்பி, நகையை எடுக்க வேண்டாம். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். நாளைக் காலை 11 மணி வாக்கில், சந்தை ஒரு நிலைக்கு வந்த பிறகு, உங்கள் ஆப்பில் அந்தப் பங்கின் மார்க்கெட் டெப்த்தைத் திறந்து, ஐந்து விற்பனை விலையையும் எதிரில் உள்ள எண்ணிக்கையையும் இங்கே எழுதுங்கள். வாங்கும் பக்கத்தின் முதல் விலையும் வேண்டும். அதை வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

ஈரோட்டு நண்பர் சொன்னது இந்த விஷயத்தில் சரியில்லை. குரூப் 1-இல் இல்லாத பங்குக்கு எந்தப் புரோக்கரும் எம்.டி.எஃப். கொடுக்க முடியாது. பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபியின் விதி எல்லோருக்கும் ஒன்றுதான்.

கரூர் தறிக்காரன்:

ஐயா, பார்த்தேன். வாங்குபவர் முதல் விலை 209.80. விற்பனைப் பக்கம் 210.20-க்கு 60, 211-க்கு 110, 212.50-க்கு 150, 214.50-க்கு 190, 215-க்கு 75. இதில் என்ன தெரிகிறது?

பழைய டீலர், கோவை:

எல்லாமே தெரிகிறது தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சப்-புரோக்கர் அலுவலகத்தில் பத்தொன்பது வருடம் டெர்மினலில் உட்கார்ந்தவன் நான். அதில் கடைசி ஆறு வருடம் ரிஸ்க் மேசை, அதாவது வாடிக்கையாளரின் கடனையும் மார்ஜினையும் கண்காணிக்கும் இடம். உங்களுக்கு வந்த மாதிரி எஸ்.எம்.எஸ். போனபின், பதறிப்போய் போன் செய்தவர்களிடம் பேசியவன்.

எந்தப் பங்கைக் கடனுக்கு வாங்கலாம் என்று அதிகாரி யாரும் உட்கார்ந்து பொறுக்கி எடுப்பதில்லை. அது ஒரு கணக்கு. செபி 2005 பிப்ரவரியில் வகுத்தது. பங்கு கடந்த ஆறு மாதத்தில் குறைந்தது 80 சதவீத நாட்கள் வியாபாரம் ஆகியிருக்க வேண்டும். இம்பாக்ட் காஸ்ட் என்ற ஒன்று 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் குரூப் 1. நாட்கள் சரி, இம்பாக்ட் காஸ்ட் தாண்டிவிட்டது என்றால் குரூப் 2. மற்றதெல்லாம் குரூப் 3. கம்பெனியின் லாபம், கடன், நிர்வாகம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. குரூப் 1 என்றால் நல்ல கம்பெனி என்று நினைத்துப் பணம் போட்ட எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அது தரச் சான்றிதழ் இல்லை. சுலபமாக வாங்கி விற்க முடிகிற பங்கு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

இம்பாக்ட் காஸ்ட் என்ன என்பதை நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாருங்கள். 209.80-க்கும் 210.20-க்கும் நடுவில் 210. அதுதான் சரியான விலை என்று வைத்துக்கொள்வோம். விதிப்படி 1 லட்சம் ரூபாய் ஆர்டரை வைத்துப் பார்க்க வேண்டும், அது 476 பங்கு. 210.20-இல் 60 கிடைக்கும். அடுத்த 110-க்கு 211 கொடுக்க வேண்டும். அதற்கடுத்த 150-க்கு 212.50. மீதி 156-க்கு 214.50. கூட்டினால் 1,01,159 ரூபாய். 210 விலையிலேயே எல்லாம் கிடைத்திருந்தால் 99,960. கூடுதலாகப் போனது 1,199 ரூபாய், 1.2 சதவீதம். கோடு 1-இல் இருக்கிறது, உங்கள் மில் 1.2-இல் நிற்கிறது.

இது ஒரு நிமிடத்தின் படம்தான். எக்ஸ்சேஞ்ச் ஒரு நாளில் நான்கு முறை இப்படி ஆர்டர் புக்கைப் படம் பிடித்து, ஆறு மாதத்துக்குச் சராசரி எடுக்கிறது. ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி கணக்குப் போடுவார்கள், அடுத்த மாதம் 1-ஆம் தேதி முதல் அமலுக்கு வரும். அதனால் ஒரே ராத்திரியில் எதுவும் நடக்கவில்லை. ஆறு மாதமாக அந்தப் பங்கில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்திருக்கிறார்கள். விலை அசையாமல் நின்றதால் உங்கள் கண்ணில் படவில்லை.

மார்ஜினும், அதாவது நீங்கள் போட வேண்டிய கைப்பணமும், இதே பங்கின் தன்மையிலிருந்து வருவதுதான். இன்றைய எம்.டி.எஃப். சட்டகம் 2017 ஜூனில் செபி போட்டது. எஃப் அண்ட் ஓ-வில், அதாவது முன்பேர வியாபாரத்தில், உள்ள குரூப் 1 பங்குக்கு, விலை எவ்வளவு விழலாம் என்று கணித்துப் போடும் வி.ஏ.ஆர். மார்ஜினோடு, அதற்கும் மேல் விழுந்தால் ஈடுகட்டும் இ.எல்.எம். மார்ஜினை மூன்று மடங்கு சேர்த்து வாடிக்கையாளர் போட வேண்டும். எஃப் அண்ட் ஓ-வில் இல்லாத குரூப் 1 பங்குக்கு ஐந்து மடங்கு. வி.ஏ.ஆர். 9 சதவீதம், இ.எல்.எம். 3.5 என்று வைத்தால் முதலாவதுக்கு 19.5 சதவீதம், இரண்டாவதுக்கு 26.5 சதவீதம் கைப்பணம். நீங்கள் போட்ட 1,20,000 அந்த இரண்டாவது கணக்கில்தான் வருகிறது. புரோக்கர் தன் பட்டியலை இதைவிடச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம், மார்ஜின் கூடுதலாகக் கேட்கலாம். விதியைவிடத் தாராளமாகப் போகத்தான் முடியாது.

இந்த விதியை நான் மதிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் தொழிலுக்கு வந்தபோது பாம்பே சந்தையில் பத்லா இருந்தது. 'ஏ' குரூப் பங்கு என்றால் பணம் கட்டாமலே அடுத்த செட்டில்மென்ட்டுக்கு, அதாவது அடுத்த கணக்குத் தீர்க்கும் நாளுக்கு, தள்ளிக்கொண்டு போகலாம், வட்டி மட்டும் கொடுத்தால் போதும். கேதன் பரேக் என்ற புரோக்கரின் பெயர் அடிபட்ட பங்குகளில் வியாபாரம் மலைபோல் நடந்தது. எங்கள் அலுவலகத்தில் டீ வாங்கி வரும் பையனுக்குக்கூட அந்தப் பெயர்கள் அத்துப்படி. 2001 மார்ச்சில் கடன் நின்றதும், அதே பங்குகளில் திரையின் வாங்கும் பக்கம் காலியாக இருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். விற்க ஆர்டர் போட்டுவிட்டு, எதிரே ஆள் இல்லாமல் நாள் முழுக்க நின்றிருக்கிறோம். அந்த வருடம் ஜூலை 2-ஆம் தேதியோடு பத்லாவை நிறுத்தினார்கள். 2004-இல்தான் புரோக்கர் வழியாக மார்ஜின் கடனை முறைப்படி அனுமதித்தார்கள். கடனுக்கு வாங்கிய பங்கை அவசரத்துக்கு விற்க முடியுமா என்ற ஒரே கேள்விதான் இந்தப் பட்டியல் முழுவதும்.

இப்போது உங்கள் விஷயம். நகையை வைத்து 3 லட்சம் கட்டினால், 15 சதவீதக் கடன் போய் இன்னொரு கடன் வரும். பங்கு அப்படியே இருக்கும், விற்பது இன்னும் கடினமாகும். குரூப் 2-க்குப் போனதும் வி.ஏ.ஆர். மார்ஜின் குறைந்தது 21.5 சதவீதம், எம்.டி.எஃப்.-இல் வாங்க வருகிறவர்களும் இனி கிடையாது. அதனால் நகை வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று. இந்த எஸ்.எம்.எஸ். உங்களுக்கு மட்டும் வந்திருக்காது. எந்தப் பங்கில் எம்.டி.எஃப். கடன் எவ்வளவு நிலுவையில் இருக்கிறது என்று எக்ஸ்சேஞ்ச் தினமும் பங்குவாரியாக வெளியிடுகிறது. உங்கள் மில்லின் வரியைத் தேடிப் பாருங்கள். அங்கே பெரிய தொகை இருந்தால், அத்தனை பேரும் 1-ஆம் தேதிக்குள் இதே குறுகலான வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும். கடைசி நாள் புரோக்கரின் ரிஸ்க் மேசை உங்கள் 2,000-ஐ மார்க்கெட் ஆர்டரில், அதாவது கிடைத்த விலைக்கு, போட்டால் என்ன ஆகும்? 476 பங்குக்கே நாலு படி ஏற வேண்டியிருக்கிற புக் இது. விற்கும்போது விலை எத்தனை படி இறங்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அதனால் நீங்களே விற்றுவிடுங்கள். நீங்களே விலை குறித்துப் போடும் லிமிட் ஆர்டரில், ஒரு தடவைக்கு 80, 100 என்று, நாள் முழுக்கப் பரப்பி. கடன் அடையும் அளவுக்கு மட்டும் விற்றால் போதும். மில்மேல் நம்பிக்கை இருந்தால் மீதியைச் சொந்தப் பங்காக வைத்துக்கொள்ளுங்கள், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஈரோடு மஞ்சள்:

திருத்தியதற்கு நன்றி ஐயா. எனக்கு வந்தது கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்த பங்கு, 100 சதவீத மார்ஜின் போட்டுவிட்டார்கள். அதுவும் புரோக்கர் வேலை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

திருச்சி கணக்குப்பிள்ளை:

கரூர் அண்ணா, வேறு எங்காவது அடமானம் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் சொல்கிறேன். திருச்சியில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருக்கிறேன், பைனான்ஸ் கம்பெனி கோப்புகள் எங்களிடம் வரும்.

100 கோடிக்கு மேல் சொத்துள்ள பைனான்ஸ் கம்பெனிகளுக்கு ரிசர்வ் வங்கி 2014-இல் விதி போட்டது. பங்கை அடமானம் பிடித்தால் அதன் மதிப்பில் 50 சதவீதம் வரைதான் கடன். பங்கு வாங்குவதற்காகவே 5 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் அடமானமும் குரூப் 1 பங்காகத்தான் இருக்க வேண்டும். உங்கள் தொகை 5 லட்சத்துக்குக் கீழே என்பதால் அந்தக் கட்டு நேராக உங்களைத் தொடாது. ஆனால் 4,20,000-இல் பாதி 2,10,000. நீங்கள் கட்ட வேண்டியது 3 லட்சத்துக்கு மேல். மீதிக்கு எங்கே போவீர்கள்? விலை இறங்கி 50 சதவீதத்தைத் தாண்டினால் ஏழு வேலை நாளுக்குள் ஈடு கட்ட வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் பங்கு இப்போது புரோக்கர் பெயரில் பிளெட்ஜில் இருக்கிறது. அந்தக் கடன் தீராமல் அடமானம் விடாது, அடமானம் விடாமல் வேறு இடத்தில் வைக்க முடியாது. டீலர் ஐயா சொன்ன வழிதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

கரூர் தறிக்காரன்:

30-ஆம் தேதி எழுதுகிறேன். ஐயா சொன்னபடி எக்ஸ்சேஞ்ச் பட்டியலில் மில்லின் வரியைத் தேடி எடுத்தேன். நான் நினைத்ததைவிடப் பெரிய தொகை. அன்றே விற்க ஆரம்பித்துவிட்டேன். தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே போனை வைத்துக்கொண்டு 80, 90 என்று போட்டதில், நேற்று வரை 1,490 பங்கு விற்றாயிற்று. சராசரி 206.40. முதல் நாள் 209-க்கு மேல் கிடைத்தது, நேற்று 203-க்குத்தான் ஆள் வந்தார்கள்.

விற்ற பணம் லெட்ஜருக்கு வந்ததும், அதிலேயே மீதிக் கடனையும் வட்டியையும் பிடித்துக்கொண்டு 510 பங்கைக் கேஷுக்கு மாற்றச் சொல்லி மெயில் போட்டேன். இன்று காலை மாற்றிவிட்டார்கள், பிளெட்ஜ் விடுவிப்பு மெசேஜும் வந்துவிட்டது. 1,20,000 போட்ட இடத்தில் ஒரு லட்சத்துச் சொச்சம் மதிப்புள்ள பங்கு கையில் இருக்கிறது. நகை பீரோவிலேயே இருக்கிறது.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். இந்த மில் மறுபடி குரூப் 1-க்கு வர வாய்ப்பு உண்டா? வந்தால் எங்கே பார்ப்பது?

பழைய டீலர், கோவை:

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. வரும், ஏன் வராது? ஆறு மாதச் சராசரி 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த 1-ஆம் தேதி தானாக ஏறிவிடும். எக்ஸ்சேஞ்ச் வலைத்தளத்தில் கிடைக்கும், புரோக்கரிடம் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு நாள் 11 மணிக்கு அந்த ஐந்து வரியை எடுத்து, 1 லட்சம் ரூபாய்க்கு நான் போட்ட மாதிரி கணக்குப் போட்டுப் பாருங்கள். நூல் விலை எழுதும் நோட்டிலேயே பக்கத்தில் எழுதி வாருங்கள். தீபாவளி முடிந்து ஆர்டர் வேலை குறைந்ததும் அந்த எண்களை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.