மறுமொழி: ‘குளிர்கால உறக்கம்’ வேண்டாம், ‘ஒடுங்கல்’ போதும்

நண்பர்களுக்கு வணக்கம்.

சில உயிர்கள் கடுமையான பருவம் கழியும்வரை அசையாமல் முடங்கிக் கிடக்கும் ‘ஹைபர்னேஷனு’க்குக் ‘குளிர்கால உறக்கம்’ என்று பாடநூலிலேயே இருக்கிறது, கணினி மெனுவில் வரும் ‘ஹைபர்னேட்’டுக்கும் தமிழில் அதையே வைத்துவிடலாம் என்று திருவண்ணாமலை நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அந்தச் சொல்லின் இரண்டு பாதியுமே உறுத்துகிறது.

முதலில் உறக்கம். வடதுருவப் பக்கத்துத் தரை அணிலுக்கு அந்த நிலையில் உடல் வெப்பம் சுழியத்துக்கும் கீழே, ஏறக்குறைய −2.9 டிகிரி செல்சியஸ் வரை போகும். தூங்குகிறவனைத் தட்டினால் எழுந்து திட்டுவான். இந்த அணில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டு எழவே மணிக்கணக்காகும். கணினியிலும் இதே வேறுபாடுதான். ‘ஸ்லீப்’ கொடுத்தால் நினைவகத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ‘ஹைபர்னேட்’ கொடுத்தால் நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதிவைத்துவிட்டு முழுக்க அணைந்துவிடும். இரண்டுக்கும் உறக்கம் என்றே பெயர் வைத்தால் எதை அழுத்துவது?

அடுத்தது குளிர். மடகாஸ்கரில் கொழுத்த வால் குள்ள லெமூர் என்று ஒன்று உண்டு. வறண்ட பருவத்தில் மரப்பொந்துக்குள் ஏழு மாதம் வரை இப்படிக் கிடக்கும். பொந்து வெயிலைத் தடுக்காவிட்டால் அதன் உடல் வெப்பம் ஒரே நாளில் 20 டிகிரி அளவுக்கு ஏறி இறங்குமாம். 2004-ல் வெளியான செய்தி இது. பனியும் இல்லை, ஒன்றும் இல்லை.

அவ்வளவு தூரம் ஏன்? வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுகிறோம். இங்கே ஜீவராசிகள் உள்ளே போவது கத்திரிக்குப் பயந்துதான். எங்கள் ஊர் ஏரியில் வண்டல் எடுத்தபோது ஜேசிபி வாரிப்போட்ட கட்டிகளைக் காலால் உடைத்துப் பார்த்தேன். உள்ளே கூழாங்கல் மாதிரி நத்தைகள். வாயில் பழுப்பு மூடி இறுக்கமாக ஒட்டியிருந்தது, நகத்தை விட்டு நெம்பினாலும் அசையவில்லை. செத்துவிட்டது என்றேன். டிராக்டர் ஓட்டிவந்த பெரியவர் சிரித்தார்: “சாவல தம்பி, அடங்கிக்கீது. மழ பேஞ்சா எழுந்துக்கும்.”

உறங்குது என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்.

அந்த ‘அடங்கு’தான் என் முதல் தேர்வாக இருந்தது. ஆனால் ‘அடக்கம்’ என்றால் சுடுகாட்டு நினைப்பு, ‘அடங்கல்’ என்றால் விஏஓ ஆபீஸ் பயிர்க்கணக்கு நினைப்பு. அதனால் பக்கத்துச் சொல்லான ‘ஒடுங்கு’. ஊக்கமுடையவன் ஒடுங்கியிருப்பது, சண்டைக்கடா பாய்வதற்குமுன் பின்வாங்குவது போல என்கிறது 486-ஆம் குறள். வேலை நின்றிருக்கிறது, ஆனால் முடிந்துவிடவில்லை என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது. அதே அதிகாரத்தில் ‘கூம்பும் பருவம்’, அதாவது ஒடுங்கிக் காத்திருக்கும் காலம், என்று கொக்கும் வருகிறது. அழகுதான், ஆனால் கூம்பு இப்போது கணக்குப் புத்தகத்துக்குப் போய்விட்டது.

இதன் பெயர்ச்சொல்லாக ‘ஒடுக்கம்’ என்றவுடன் ஒடுக்குமுறைதான் காதில் விழுகிறது என்று ஆம்பூர் அக்கா எழுதியது முழுக்க நியாயம். அவர் மறுப்பைப் படித்தபின்தான் எனக்கே தெளிவானது: ஒடுக்குவது பிறவினை, அடுத்தவர்மேல் செய்வது. ஒடுங்குவது தன்வினை. நத்தையை யாரும் ஒடுக்கவில்லை, அதுவாக ஒடுங்குகிறது. ஆகவே ஒடுக்கம் வேண்டாம், ‘ஒடுங்கல்’ என்றே வைப்போம்.

பருவத்தைச் சுட்டியே ஆகவேண்டிய இடத்தில் முன்னால் ஒரு சொல் சேர்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை. ஹைபர்னேஷனின் லத்தீன் வேரிலிருந்தே ரோமப் படை குளிர்காலத்தில் தங்கும் பாசறைக்கும் பெயர் வந்தது. கோடைப் பாசறைக்கும், கோடையில் உயிர்கள் ஒடுங்கும் ‘எஸ்டிவேஷனு’க்கும் அதேபோல ஒரே வேர். நம் தொல்காப்பியமும் வாகைத்திணையில் ‘கூதிர் வேனில் என்று இருபாசறை’ என்று அதே இணையைத்தான் சொல்கிறது; கூதிர் என்றால் குளிர்காலம். ‘கூதிரொடுங்கல், வேனிலொடுங்கல்’ என்று எழுதி நானே ரசித்துக்கொண்டேன். ஆனால் ‘கூதிர்’ என்பதை எட்டாம் வகுப்புப் பையன்கள் முன்னால் உரக்கப் படித்த எந்த ஆசிரியரும் இதற்குக் கைதூக்க மாட்டார். பனியொடுங்கல், வேனிலொடுங்கல் என்று வைத்துக்கொள்வோம். லெமூருக்கு வெறும் ஒடுங்கல்.

விதைக்கு மட்டும் இதை நீட்ட வேண்டாம். ‘விதை உறக்கம்’ வேளாண் துறையில் ஊன்றிவிட்ட சொல். நிலக்கடலையில் கொத்து ரகங்களுக்குப் பெரும்பாலும் அந்த உறக்கம் கிடையாது. அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். இதை நம் பக்கத்து மணிலா (நிலக்கடலை) விவசாயிக்கு விளக்க இருக்கிற சொல்லே போதும்.

செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்குப் பணம் வற்றிய 1970-களை ‘ஏஐ குளிர்காலம்’ என்று மொழிபெயர்த்திருந்ததையும் பார்த்தேன். நமக்குக் குளிர்காலம் என்றால் மார்கழிக் கோலம், தை அறுவடை. பணம் வற்றியதை ‘வறட்சி’ என்றால் பாலாற்றங்கரையில் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

மெனுவுக்கு: ‘உறங்கு’, ‘ஒடுங்கு’, ‘அணை’. மீண்டும் இயக்கும்போது திரையில் வரும் சொல்லுக்கு ‘மீள்தொடக்கம்’ என்று ஒருவர் போட்டிருக்கிறார். நான் டிராக்டர் பெரியவர் பக்கம். ‘எழு’ என்று மாற்றலாமா?