மேப் மேட்சிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

ஆட்டோ செயலிகளின் உதவிப் பக்கங்களைத் தமிழில் எழுதும்போது 'மேப் மேட்சிங்' திரும்பத் திரும்ப வருகிறது. செல்பேசியின் ஜி.பி.எஸ். புள்ளி வெட்டவெளியிலேயே ஏறக்குறைய 5 மீட்டர் தள்ளி விழும். மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் மதுரை மாசி வீதிப் பக்கம் அலை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் இன்னும் விலகும். இப்படிச் சிதறிய புள்ளிகளை, வண்டி ஓடிய சாலையின் மேல் கொண்டுவந்து வைக்கும் வேலை இது. 'வரைபடப் பொருத்தம்' சரிதானா?

மறுமொழி

ஐயா, அப்படிச் சொன்னால் இரண்டு வரைபடங்களை ஒப்பிடுவதாகத்தான் படிப்பவர் நினைப்பார். 'பொருத்தம்' ஒரு நிலை. நமக்கு வேண்டியது செயலின் பெயர்.

பக்கத்தில் இருக்கும் சாலையில் புள்ளியை ஒட்டிவிட்டால் வேலை முடிவதில்லை. நத்தம் சாலையில் 2023இல் திறந்த 7.3 கி.மீ. பாலத்தைப் பாருங்கள். மேலே ஒரு சாலை, நேர் கீழே ஒரு சாலை. ஜி.பி.எஸ். உயரத்தில் செய்யும் பிழை, தரையளவில் செய்வதைவிடப் பெரிது; அதை நம்பி மேலா கீழா என்று தீர்க்க முடியாது. அதனால் நிரல் முந்தைய புள்ளிகளைப் பார்க்கிறது. வண்டி தல்லாகுளத்தில் ஏறுதளம் வழியாகப் போயிருந்தால், இறங்குதளம் வரும்வரை கீழே வர வழியில்லை. இரு புள்ளிகளுக்கு இடையே நேர்க்கோட்டுத் தூரத்தோடு எந்தச் சாலைவழித் தூரம் நெருங்குகிறதோ, அந்த வழிக்கே வாய்ப்பு அதிகம். 2009இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பின் பரவலான 'மறை மார்க்கோவ்' (சிதறிய புள்ளிகளிலிருந்து வண்டி உண்மையில் போன வழியை வாய்ப்புக் கணக்கால் ஊகிக்கும்) முறையின் சாரம் இதுவே.

பிசகுவது எங்கே? பேட்டரி மிச்சமாகட்டும் என்று 30 வினாடிக்கு ஒரு புள்ளி அனுப்பினால், 40 கி.மீ. வேகத்தில் 333 மீட்டர் கடந்துவிடும். ஏறுதளத்தில் புள்ளியே விழாமல் போகலாம். பாலம் போகும் நாராயணபுரத்தில் ஆட்டோவுக்காக நிற்பவர் "அண்ணே, பாலத்துக்கு மேலயா கீழயா?" என்று போன் போடுவது இதனால்தான். ஸ்டாண்டுக்கு நடந்துபோய் ஆட்டோ பிடித்த ஊர், இன்று திரையில் நகரும் படத்தைப் பார்த்துத்தான் வாசலுக்கே வருகிறது. பொதுமக்களே வரைந்து திருத்தும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருவழித் திசையைத் தலைகீழாகக் குறித்திருந்தாலும் கெடும்: இந்தத் தெருவில் வர முடியாது என்று முடிவுகட்டி, நிரல் வண்டியைப் பக்கத்துச் சந்தில் தள்ளிவிடும்.

ஆகவே 'சாலைப்படுத்தல்' என்கிறேன். நெறிப்படுத்தல், முறைப்படுத்தல் போன்ற அமைப்பு. 'சாலைப்பட்ட புள்ளி', 'தவறாகச் சாலைப்பட்டது' என்று கிளைச்சொற்களும் தடையின்றிப் பிறக்கும்.

மறுமொழி

அம்மா, 'ஆறு' என்றாலே வழிதானே. 'ஆற்றுப்படுத்தல்' இன்னும் அழகு. தவிர, நடப்பவர்களுக்கான செயலியில் வண்டி நுழையாத சித்திரை வீதியையும் சாலை என்போமா?

மறுமொழி

ஆற்றுப்படுத்தல் இன்று மனநல ஆலோசனைக்கு ஊன்றிவிட்டது. வழிகாட்டல் என்ற பழம்பொருளும் உண்டு. இங்கே நிரல் யாருக்கும் வழி காட்டவில்லை, போன வழியைக் கண்டுபிடிக்கிறது. 'தடப்படுத்தல்' என்றால் பஸ் வழித்தடம் குறுக்கே வரும். நடைபாதை பற்றிக் கவலை வேண்டாம்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் நெடுஞ்சாலை முதல் நடைபாதை வரை 'ஹைவே' என்ற ஒரே குறிச்சொல்லின் கீழ்தான் வருகின்றன.

மறுமொழி

ஏற்கிறேன், அம்மா. உதவிப் பக்கத்தில் இப்படி மாற்றியிருக்கிறேன்: "புள்ளிகள் தவறாகச் சாலைப்பட்டால் பயணத் தூரமும் கட்டணமும் மாறலாம்."