பொருள்: இரட்டை எரிபொருளா, முறையெரியா?

> பெட்ரோல் காரில் சிஎன்ஜி பொருத்தினாலும், டீசல் லாரியில் எரிவாயு சேர்த்து எரித்தாலும் 'இரட்டை எரிபொருள்' என்றே சொல்லிவிடலாமே?

ஐயா, வணக்கம். கூடாது என்பேன். ஆங்கிலத்தில் பை-ஃபியூல், டூயல்-ஃபியூல் என்று தனித்தனியே இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

சென்ற மாதம் கோவையில் என் பழைய பெட்ரோல் காருக்குச் சிஎன்ஜி கிட் மாட்டினேன். டிக்கியில் சிலிண்டர், அதில் 200 பார் அழுத்தத்தில் வாயு. அந்த அழுத்தத்தைக் குறைத்து அனுப்புவது ரெடியூசர். வாயு விரியும்போது கடுமையாகக் குளிரும். ரெடியூசர் உறைந்து போகாமலிருக்க எஞ்சினின் சுடுநீரை அதன் வழியே ஓடவிடுகிறார்கள். நீர் சூடாகும்வரை வண்டி பெட்ரோலில்தான் ஓடும். "பெட்ரோல்ல ஸ்டார்ட் ஆகும் சார், சூடானதும் கேஸுக்குத் தாவிடும்" என்றார் மெக்கானிக். வாயு தீர்ந்தால் மறுபடி பெட்ரோலுக்குத் தாவும். தாவும் அந்தக் கணத்தை விட்டால், எரிவது ஏதோ ஒன்றுதான்.

டீசல் எஞ்சின் கதை வேறு. அதில் ஸ்பார்க் பிளக் இல்லை. வாயுவில் பெரும்பங்கான மீத்தேனும் அமுக்கச் சூட்டில் எளிதில் பற்றாது. அதனால் கொஞ்சம் டீசலைப் பீய்ச்சுகிறார்கள். அது பற்றி எழும் தீயில் வாயு எரிகிறது. இரண்டும் சேர்ந்தே எரிகின்றன.

கார் வகைக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'ஈரெரி' சுருக்கமானதுதான், ஆனால் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது. 'மாற்றெரி' என்றால் மாற்று எரிபொருளோடு குழம்பும். வாய்க்கால் தண்ணீரை முறை வைத்து விடுவதை முறைப்பாசனம் என்கிறோமே, எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஒன்று மாற்றி ஒன்று எரிவது (பை-ஃபியூல்) 'முறையெரி'. சேர்ந்து எரிவது (டூயல்-ஃபியூல்) 'கூட்டெரி'. முறையெரி கார், கூட்டெரி எஞ்சின். சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறவில்லை.

அந்த மெக்கானிக்கின் 'தாவு' என்ற வினையையும் விட மனமில்லை. ஸ்டியரிங் பக்கத்தில், எதில் ஓடுகிறது என்று சிறு விளக்குகள் காட்டும் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதற்குத் 'தாவுவிசை' என்று வைக்கலாம்.

ரெடியூசருக்கு 'அழுத்தக் குறைப்பி' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இலங்கைப் பாடநூல் வழக்கில் அழுத்தத்துக்கு அமுக்கம் என்பார்கள். நாமோ அமுக்கத்தை கம்ப்ரஷனுக்கு வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதை எப்படி எழுதுவார்கள் என்று சொன்னால், கலைச்சொல் பட்டியலில் சேர்க்கும் முன் திருத்திவிடலாம்.