முறத்தில் தப்பிய கல்: சந்தேக ஸ்மியர்களை மறுபடி பார்த்த நாட்கள்

1996-லிருந்து மூன்று வருடம் நியூஜெர்சியில் ஒரு லேபில் சைட்டோடெக்னாலஜிஸ்ட்டாக, அதாவது மைக்ரோஸ்கோப்பில் செல்களைப் பார்த்து நோய் தேடுபவராக இருந்தேன். காலையிலிருந்து மாலை வரை கர்ப்பப்பை வாய் ஸ்மியர்தான்; அங்கிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி அனுப்புவார்கள். ஒருவர் ஒரு நாளில் 100 ஸ்லைடுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது அங்கே சட்டம். என்னைக் கேட்டால் அதுவே அதிகம். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கியவர்களுக்குத் தெரியும்: வெறும் அரிசியையே பார்த்துப் பார்த்துக் கண் பழகிய பிறகு வருகிற கல்தான் தப்பிப் போய்ச் சோற்றில் கடிபடும்.

எங்களை அதிகம் படுத்தியது 'ஏஸ்கஸ்' என்கிற முடிவு. நார்மல் என்று விடவும் முடியாது, புற்றுக்கு முந்தைய மாற்றம் என்று எழுதவும் மனம் வராது. செல்லின் உட்கரு இரண்டரை, மூன்று மடங்கு பெருத்திருக்கும். அது வைரஸால் வந்ததா, அழற்சியா, ஆல்கஹாலில் போடுவதற்குள் ஸ்லைடு காய்ந்துவிட்டதா? அடித்துச் சொல்ல முடியாது.

அப்போதுதான் பாப்நெட் என்கிற கணினி முறை வந்திருந்தது. 1995 நவம்பரில் எஃப்டிஏ (மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பு) ஒப்புதல் கொடுத்தது நெகட்டிவ் ஸ்லைடுகளை மறுபடி சலிப்பதற்கு. எங்கள் பேத்தாலஜிஸ்ட், ஏஸ்கஸ் ஸ்லைடுகளையும் அனுப்பிப் பார்ப்போம் என்றார். பெட்டியில் அடுக்கி நியூயார்க் மாநிலத்தின் சஃபர்ன் ஊருக்கு அனுப்புவோம். அங்கே நியூரல் நெட்வொர்க் ஸ்லைடு முழுக்கத் தேடி, சந்தேகமான 128 இடங்களைப் படமாகத் தரும். முடிவு சொல்லாது. பார்த்துச் சொல்ல வேண்டியது நாம்தான்.

1997-ல் ஒரு ஸ்லைடு. ஓரமாக இருந்த நாலைந்து பெரிய செல்களுக்குப் பக்கத்தில் நான்தான் மையால் புள்ளி வைத்து ஏஸ்கஸ் என்று எழுதியிருந்தேன். திரும்பி வந்த படங்களில், கட்டம் கட்டமாக வெள்ளணுக்களும் செல் குவியல்களும்தான் ஓடின. கருப்பாகத் தெரிவதையெல்லாம் அந்த இயந்திரம் பிடித்துவிடும். திடீரென்று ஒரு கட்டத்தில் சளி இழையை ஒட்டி எறும்பு வரிசை மாதிரி ஆறு சின்னச் செல்கள். உட்கருதான் செல்லையே அடைத்திருந்தது, சுற்றிலும் ஒரு நூல் அளவுதான் மிச்சம். படத்தோடு வந்த எண்களை வைத்து மைக்ரோஸ்கோப்பில் அதே இடத்துக்குப் போனேன். ஸ்லைடின் நடுவிலேயே இருந்தன. என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. கை நடுங்கிவிட்டது.

அறிக்கை மாறியது. பயாப்ஸியில் சிஐஎன் 3, அதாவது புற்றுக்கு முந்தைய மாற்றத்தில் தீவிரமான நிலை. மின்சாரக் கம்பி வளையத்தால் அந்தத் திசுவை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு 38 வயது. முகம் பார்த்ததில்லை, ஆனாலும் அந்த ஸ்லைடை நான் மறக்கவில்லை.

மாறாகவும் நடந்தது. மாதவிடாய் நின்ற பெண்கள் சிலரின் ஸ்லைடில், எல்லாப் படங்களையும் சேர்த்துப் பார்த்ததும் அது வயதால் மெலிந்த செல்தான் என்று தெளிவாகி, பயம் தீர்ந்தது. 1999-ல் பாப்நெட்டை நடத்திய நிறுவனமே திவாலாகிவிட்டது. செலவு கட்டுபடியாகவில்லை என்பது பல லேப்களில் அன்று இருந்த பேச்சு.

* * *

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு 2019-ல் டல்லாஸில் இதே 'ஏஸ்கஸ்'தான் வந்தது. போனில் நர்ஸ் சொன்னதும் காதில் வேறெதுவும் விழவில்லை. மூன்று ராத்திரி தூங்கவில்லை. அதே சாம்பிளில் ஹெச்பிவி (இந்தப் புற்றை உண்டாக்கக்கூடிய வைரஸ்) பார்த்து நெகட்டிவ், மூன்று வருடம் கழித்து வாருங்கள் என்றார்கள். அறிக்கையின் அடியில் கணினி உதவியோடு பார்த்தது என்று ஒரு வரி இருந்தது. அப்படியென்றால் மனுஷங்க யாரும் பார்க்கவில்லையா?

* * *

பார்த்திருப்பாங்கம்மா. 2003-க்குப் பிறகு வந்த தின்பிரெப் இமேஜிங் முறையில் கணினி 22 இடங்களைக் காட்டும். சைட்டோடெக்னாலஜிஸ்ட் அவற்றைப் பார்ப்பார், ஒன்று சந்தேகமாக இருந்தாலும் ஸ்லைடு முழுக்கப் பார்த்தாக வேண்டும். உன்னுடையதை யாரோ ஒருவர் அப்படி முழுசாகப் பார்த்துத்தான் எழுதியிருப்பார். மூன்று வருடம் எப்போதோ முடிந்துவிட்டதே, மறுபடி போனாயா?