புதுப்பிப்பு: அம்மாவுக்குக் கதையும் கதை அல்லாததும் கலந்து புத்தகம் கேட்டிருந்தேன்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பணி ஓய்வுக்குப் பிறகு வாசிப்பை விட்டுவிட்ட அம்மாவுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். சின்ன நாவலில் தொடங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' இரண்டே இரவில் முடிந்தது; குடத்தோடு அலையும் ஜமுனாவைப் பற்றி அத்தையிடம் போனில் அவ்வளவு நேரம் பேசினார். அடுத்து 'எரியும் பனிக்காடு'. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த டேனியல் எழுதியது என்று தெரிந்ததும் அம்மாவுக்கு அதன் கனம் கூடிவிட்டது, ஆனால் தூங்கும் முன் படிக்க முடியவில்லை என்று பகலுக்கு மாற்றிக்கொண்டார்.

எதிர்பாராதது உ.வே.சா.வின் 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்து ஒதுக்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன். கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், தான் படித்ததாக உ.வே.சா. அடுக்கிய அந்தாதி, பிள்ளைத்தமிழ்ப் பட்டியலையெல்லாம் சட்டை செய்யாமல் சீவக சிந்தாமணிக் காப்பியம் படித்ததுண்டா என்று கேட்கும் இடத்தை அம்மா எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-ல் உ.வே.சா. மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற நூல் அது, வாங்குகிறவர்கள் தெரிந்துகொண்டு வாங்குங்கள். அப்புறம், எழுத்து பெரிதாக உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்கச் சொன்னவருக்குத் தனி நன்றி.