பருப்பு வேகிற ஊர்

2023 ஜூனில் சென்னை வாடகை வீட்டைக் காலி செய்தபோது, அடுத்து எங்கே குடியேறுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கவில்லை. எனக்கு ஓய்வு கிடைத்தாயிற்று, மகளுக்கும் கல்யாணம் முடிந்தது. சாமான்களை மச்சினன் வீட்டில் போட்டுவிட்டு, காரில் தெற்கே கிளம்பினோம். பிடித்த ஊரில் தங்கி வீடு பார்ப்பது, இல்லையென்றால் அடுத்த ஊர்.

கும்பகோணம் இருவருக்கும் பிடித்திருந்தது. ஜூன் 12 அன்றுதான் மேட்டூர் அணை திறந்திருந்தார்கள். காவிரியில் இன்னும் மணல்தான் தெரிந்தது. கோயிலை ஒட்டிய தெருக்களில் விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. சரி என்று புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடிப் பக்கம் வந்தோம்.

அங்கே ஒரு கிராமத்தில் தரகர் காட்டிய வீட்டில் மனைவி மயங்கியே போனாள். ஆத்தங்குடி டைல்ஸ் தரை, தேக்குத் தூண்கள், இரண்டு முற்றம். முன்பணம் கொடுக்கும் எண்ணத்தோடு வெளியே வந்தபோது, எதிர்த் திண்ணையில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த பாட்டி கூப்பிட்டார்.

“தம்பி, வீடு வாங்கவா வந்தீக? இங்க போர்த் தண்ணியில பருப்பு வேகாதுப்பா. சமைக்க நாங்க ஊருணிக்குத்தான் போறோம்.”

ஒரு செம்பில் கொடுத்தார். வாயில் வைத்ததும் கரித்தது. அப்புறம் குரலைத் தாழ்த்தி, அந்த வீட்டுக்கு ஏழு பங்கு என்றும், இரண்டு பங்குக்காரர்கள் மலேசியாவில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். பாகம் பிரிக்காத வாரிசுப் பங்கு அதில் தெரியாது. விற்கிறவர்கள் அவர் கணவருக்குப் பங்காளிகள். அப்படியிருந்தும் முன்பின் தெரியாத எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது.

மதுரையில் ஒரு சின்ன கேஸ் அடுப்பும் அரைக்கிலோ துவரம்பருப்பும் வாங்கினோம். தேனி, சின்னமனூர், ராஜபாளையம் என்று வீடு பார்த்த இடத்திலெல்லாம் ஒரு குடம் தண்ணீர் கேட்டு, காரின் பக்கத்திலேயே பருப்பு வேகவைத்தோம். உப்புத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதித்தும் பருப்பு விரைப்பாகவே நிற்கும்.

புளியங்குடி எலுமிச்சைச் சந்தையைத் தாண்டித் தென்காசி நெருங்கும்போது சாரல் ஆரம்பித்தது. இலஞ்சியில் வீட்டுக்கார அம்மா எங்கள் அடுப்பைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். “மழையில நின்னு என்னத்துக்கு? அடுக்களைக்கு வாங்க” என்றார். பருப்பு குழைந்து வெந்தது. அங்கேயே சாப்பிட்டோம்.

உடனே வாங்கவில்லை. ஐப்பசி மழையையும் சித்திரை வெயிலையும் பார்த்துவிடலாம் என்று ஒரு வருடம் வாடகைக்கு இருந்தோம், பிறகுதான் பத்திரம் பதிந்தோம்.

அடுத்த வாரமே ஒரு பை எலுமிச்சம்பழத்தோடு பாட்டியைப் பார்க்கப் போனோம். அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. தெரிந்ததும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “பருப்பு வேகுதா ஆத்தா?”