அவசரம்: வெள்ளிக்கிழமை பதிவு, பட்டால ஒரு நம்பர் பத்திரத்துல வேற நம்பர்

முதல்வீடு:
எல்லாருக்கும் வணக்கம். முதல் முறையா வீடு வாங்குறோம், வெள்ளிக்கிழமைக்கு டோக்கன் போட்டாச்சு, பத்திர டிராஃப்ட் இன்னைக்குத்தான் கைக்கு வந்துச்சு. அதுல ஒரு சர்வே நம்பர் இருக்கு, பட்டால இருக்கறது வேற நம்பர். பத்திரம் எழுதுறவர்கிட்ட கேட்டா அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார், பதிவாயிரும், பின்னாடி திருத்தல் பத்திரம் போட்டுக்கலாம்னு சொல்றார். பட்டா நம்பர வச்சு ஈசி (வில்லங்கச் சான்றிதழ்) போட்டேன், வில்லங்கம் எதுவும் இல்லன்னுதான் வந்துச்சு. அப்படியே பதிவு பண்ணிடலாமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க, வீட்ல எல்லாரும் டென்ஷன்ல இருக்கோம்.

சோழநாட்டான்:
எந்த ஊருங்க? காலி மனையா, கட்டுன வீடா, அபார்ட்மெண்டா? பட்டா யார் பேர்ல இருக்கு? லோன் இருக்கா? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது.

கோவை_குமரன்:
இது யூடிஆர் (நிலப் பதிவேடுகள புதுப்பிச்ச திட்டம்) குளறுபடி, வேற ஒன்னுமே இல்ல. 1980கள்ல யூடிஆர் போட்டப்ப உட்பிரிவு நம்பர், பேரு, விஸ்தீரணம் எல்லாம் எத்தனையோ இடத்துல தப்பா ஏறிடுச்சு. எங்க சித்தப்பா நிலத்துல பக்கத்து காட்டுக்காரர் பேரே ஏறியிருந்துச்சு. வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மனு குடுங்க.

பழையபத்திரம்:
இதே கேள்வி மாசம் ஒருத்தராவது வந்து கேக்கறீங்க. டோக்கன் போட்டப்பறமா பட்டாவப் பாப்பாங்க? மூலப்பத்திரத்துல ஆரம்பிச்சு ஒவ்வொரு பத்திரமா படிச்சு, கைமாறுன வரிசை எங்கயும் அறுபடலன்னு பாத்த பிறகுதான் அட்வான்ஸே குடுக்கணும். முன்பணம் எவ்வளவு குடுத்தீங்க? விக்கிரைய ஒப்பந்தம் பதிவு பண்ணீங்களா? 2012 டிசம்பர்லருந்து தமிழ்நாட்டுல ஒப்பந்தத்தையும் பதிவு பண்ணணும்ங்கறது சட்டம், வெள்ளைத்தாள்ல எழுதி வாங்கிட்டு வந்து இங்க நிக்கறீங்க.

மலர்விழி:
ஐயா, அவங்க ஏற்கெனவே பதட்டத்துல இருக்காங்க, கொஞ்சம் பக்குவமா சொல்லலாமே. முதல்வீடு, ஒன்னு மட்டும் கேளுங்க, "பின்னாடி திருத்தல் பத்திரம்"ங்கற பேச்ச நம்பாதீங்க. திருத்தல் பத்திரத்துல வித்தவரும் வந்து கையெழுத்து போடணும். முழுப் பணமும் கைக்குப் போன பிறகு அவர் ஃபோன எடுக்கணுமே? டிராஃப்ட்ல திருத்தறதுக்குச் செலவே இல்ல. அதோட உங்க பேரு, இனிஷியல், ஆதார்ல இருக்கற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கான்னு பாருங்க.

முதல்வீடு:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். தஞ்சாவூர், மாநகராட்சி லிமிட்டுக்குள்ள, 1200 சதுர அடில பழைய ஓட்டு வீடு. லோன் இல்ல, அப்பாவோட ரிட்டயர்மெண்ட் பணமும் நகையும்தான். பட்டா விக்கறவரோட அப்பா பேர்ல இருக்கு, அவர் இறந்துட்டார். விக்கறவருக்கு ரெண்டு அக்கா இருக்காங்க, ரெண்டு பேரும் கட்டிக்குடுத்துப் போயிட்டாங்க.

சோழநாட்டான்:
அடடா, இதத்தான் முதல்ல சொல்லியிருக்கணும்.

நிலஅளவை:
குமரன் சார் சொல்ற யூடிஆர் கிராமப்புறத்துக்கு. இது டவுன், அதனால டவுன் சர்வேவா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நகர அளவை முடிஞ்ச இடத்துல வார்டு, பிளாக், டி.எஸ். (டவுன் சர்வே) நம்பர்னு புதுசா குடுத்திருப்பாங்க. பழைய பத்திரத்துல பழைய ரெவின்யூ சர்வே நம்பர்தான் இருக்கும். அப்ப ரெண்டும் சரியான நம்பராவே இருக்கலாம், ஆனா ரெண்டும் ஒரே இடம்தான்னு காட்டணும். நகர நில அளவைப் பதிவேட்டு நகல் வாங்குங்க, அதுல பழைய நம்பருக்கு நேரா புது நம்பர் என்னன்னு இருக்கும். சொத்து விவரத்துல பழைய நம்பர், டி.எஸ். நம்பர் ரெண்டையும் போட்டு எழுதச் சொல்லுங்க.

இப்ப முக்கியமான விஷயம். வில்லங்கம் இல்லன்னு வந்த ஈசி இருக்கே, அது எனக்கு நல்ல செய்தியாவே தெரியல. விக்கறவரோட அப்பா அந்த வீட்ட எப்ப வாங்குனார்? அவர் வாங்குன கிரையப் பத்திரமே ஈசில வந்திருக்கணுமே. அது கூட வரலன்னா அந்த நம்பர்ல பதிவே நடக்கலன்னுதான் அர்த்தம், பதிவெல்லாம் பழைய நம்பர்ல கிடக்கு. 1975லருந்து ஆன்லைன்ல எடுக்கலாம், பழைய நம்பர், புது நம்பர், கதவு எண் மூனுலயும் தனித்தனியா போடுங்க. அதுக்கு முந்துனது வேணும்னா ஆபீஸ்ல மனு குடுத்து எடுக்கணும்.

கோவை_குமரன்:
டவுன்லயும் குளறுபடி உண்டு சார். எது எப்படியோ பட்டா யார் பேர்லயோ அவர்தான் ஓனர், பட்டாவ மகன் பேருக்கு மாத்திட்டு வாங்குனா பிரச்சன முடிஞ்சுது.

பழையபத்திரம்:
பட்டா வருவாய்த்துறை ஆவணம், வரி வசூலுக்கு வச்சது. அது மட்டும் உரிமை மூலம் ஆகாதுன்னு கோர்ட் எத்தனையோ தீர்ப்புல சொல்லியாச்சு. பட்டாவ மகன் பேருக்கு மாத்திட்டா அக்காங்க பங்கு காணாமப் போயிடுமா?

கோவை_குமரன்:
பட்டா இல்லாத சொத்த நீங்க வாங்குவீங்களா? பட்டாவ சும்மா வரி ரசீதுன்னு சொல்லாதீங்க. அப்புறம் அக்காங்களுக்கு 1989க்கு முன்னாடி கல்யாணம் ஆகியிருந்தா பங்கே கிடையாது, எங்க ஊர்ல அப்படித்தான் பிரிச்சோம்.

பழையபத்திரம்:
1989 திருத்தம் பூர்வீகச் சொத்துக்கு. அதுலயும் கல்யாணம் ஆனவங்கள விலக்கி வச்சத 2005 மத்தியச் சட்டம் எடுத்துடுச்சு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் பிறப்பாலேயே மகளுக்குச் சம உரிமைன்னு உறுதி பண்ணிடுச்சு. அப்பா சுயமா வாங்குன சொத்துன்னா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலருந்தே, உயில் எழுதாம இறந்தா மகன், மகள், மனைவி, இறந்தவரோட அம்மா எல்லாருக்கும் சமப் பங்கு. படிச்சுட்டு பேசுங்க.

மலர்விழி:
ரெண்டு பேரும் சண்டைய விடுங்க. முதல்வீடு, வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பாருங்க. உயில் இல்லன்னா அதுல இருக்கற எல்லாரும் கையெழுத்துப் போட்டாதான் வீடு முழுசா உங்களுக்கு. கிரையப் பத்திரத்துலயே அக்கா ரெண்டு பேரையும் "எழுதிக் கொடுப்பவர்கள்"ல சேத்துட்டா போதும், தனியா விடுதலைப் பத்திரம் (பங்க விட்டுக்குடுக்கற பத்திரம்) தேவையில்ல. யாராவது வெளிநாட்டுல இருந்தா பவர் (அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தர் கையெழுத்துப் போடற அதிகாரப் பத்திரம்) வாங்கணும், அதுக்கு நாள் ஆகும். அம்மா உயிரோட இருக்காங்களா?

ஹோம்லோன்_அண்ணன்:
வீட்டுக்காரம்மா பேர்ல பதிவு பண்ணுங்க தம்பி, பெண்கள் பேர்ல வாங்குனா 1 சதவீதம் கம்மி.

நிலஅளவை:
அது 2025 ஏப்ரல்லருந்து, 10 லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்கு மட்டும். அதுவும் பதிவுக் கட்டணத்துல. அதுக்கு மேல போனா வழக்கம் போல முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. டவுன்ல 1200 அடி 10 லட்சத்துக்குள்ள அடங்குமா?

ஹோம்லோன்_அண்ணன்:
சரி சரி. ஆனா ஒன்னு, பேங்க் லோன் போட்டிருந்தா அவங்க வக்கீலே இதெல்லாம் பாத்திருப்பார். சொந்தப் பணத்துல வாங்குறவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல. தனி வக்கீல் ஒருத்தர்கிட்ட லீகல் ஒப்பீனியன் வாங்கிடுங்க, விக்கறவர் சொல்ற வக்கீல் வேணாம்.

கரிகாலன்88:
எனக்கும் இதே மாதிரி, பவர் ஏஜெண்ட்கிட்டருந்து மனை வாங்குறேன், பவர் குடுத்தவர் திருப்பூர்ல இருக்காராம், அவரப் பாக்கணுமா?

பழையபத்திரம்:
தனி இழை போடுங்க. ஆனா கண்டிப்பா பாக்கணும். அவர் இறந்திருந்தா பவரும் செத்துப்போச்சு.

முதல்வீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிலஅளவை சார் சொன்ன மாதிரி பழைய நம்பர்ல ஈசி போட்டேன். 1994 கிரையம் வருது, அதுக்கு அப்புறம் 2011ல பேங்குல பத்திரத்த வச்சு கடன் வாங்குன எம்ஓடி ஒன்னு இருக்கு. கடன் எப்பவோ கட்டியாச்சு, ஒரிஜினல் பத்திரம் கையிலதான் இருக்குன்னு விக்கறவர் சொல்றார், ஆனா ஈசில ரசீது எதுவும் இல்ல. வெள்ளிக்கிழமை போகல. வக்கீல் பாத்துட்டு இருக்கார்.

நிலஅளவை:
நல்ல முடிவு. கடன் முடிஞ்சதுக்கு பேங்க் ரசீது ஆவணம் எழுதி அதப் பதிவு பண்ணணும், அப்பத்தான் ஈசில அந்தக் கடன் தீர்ந்ததா காட்டும். வாயால சொன்னது, பேங்க் லெட்டர்பேட்ல குடுத்தது மட்டும் பத்தாது. அந்தச் செலவும் அலைச்சலும் விக்கறவரோடது, நீங்க தலையில போட்டுக்காதீங்க. பதிவு நாள் காலைல ரெண்டு நம்பர்லயும் இன்னொரு தடவ ஈசி எடுத்துட்டுப் போங்க.

மலர்விழி:
அக்காங்க என்ன சொன்னாங்க? அத எழுதவே இல்லயே.